தண்ணீருக்கு அடியில் ஒரு உதை

ஒரு பத்து விநாடி வீடியோவை நாற்பது முறையாவது பார்த்திருப்பேன். பக்கத்தில் இருந்தவங்க "அப்படி என்னதான் இருக்கு அதுல?"ன்னு கேட்டாங்க. ஒரு மனிதன் தண்ணீருக்குள் பாய்கிறான், நீருக்கு அடியில் போகிறான், மேலே வருகிறான். அவ்வளவுதான். ஆனால் அந்தப் பத்து விநாடிக்குள் அவன் கால்கள் ஒரு முறை கீழ்நோக்கி அடித்தனவா, இல்லையா? ஒரு ஒலிம்பிக் தங்கம் இந்தக் கேள்வியில்தான் தொங்கியது.

2004 ஆகஸ்ட் 15, ஏதென்ஸ். ஆண்கள் 100 மீட்டர் பிரஸ்ட் ஸ்ட்ரோக் இறுதிப் போட்டி. தமிழில் மார்பு நீச்சல் என்று எழுதுவார்கள், ஊரில் நாம் தவளை நீச்சல் என்போம். அமெரிக்காவின் பிரெண்டன் ஹேன்சன் அதற்கு முந்தின மாதம்தான் 59.30 விநாடியில் உலக சாதனை படைத்திருந்தார். அதற்கு முன் அந்தச் சாதனை ஜப்பானின் கொசுகே கிட்டாஜிமாவிடம் இருந்தது, 59.78. அதனால் இது இரண்டு பேருக்கான போட்டி என்று எல்லோருக்கும் தெரியும். கிட்டாஜிமா 1 நிமிடம் 00.08 விநாடி, ஹேன்சன் 1 நிமிடம் 00.25. வித்தியாசம் 0.17 விநாடி. அந்த வேகத்தில் கணக்குப் போட்டால் ஒரு அடிக்கும் கொஞ்சம் குறைவு.

ஜெயித்த கையோடு கிட்டாஜிமா "சோ கிமோச்சி ஈ" என்று கத்தினார். "செம்மயா இருக்கு" என்கிற மாதிரி ஒரு வார்த்தை. அந்த வருடத்தின் பிரபலமான சொல்லாக ஜப்பானில் அதற்கு விருதே கிடைத்தது. ஜப்பானியர்கள் அந்தப் போட்டியை அந்தச் சொல்லோடுதான் நினைவு வைத்திருக்கிறார்கள். அமெரிக்கர்கள் நினைவில் வைத்திருப்பது ஒரு உதையை.

டிவிக்காரர்களின் நீரடி கேமராவில், தொடக்கத்திலும் திருப்பத்திலும் கிட்டாஜிமாவின் இரண்டு கால்களும் சேர்ந்து மீன் வால் மாதிரி கீழ்நோக்கி அடிப்பது தெரிந்தது. டால்ஃபின் கிக். அன்றைய விதிப்படி மார்பு நீச்சலில் அது கூடவே கூடாது. ஹேன்சனின் நண்பர், அமெரிக்க அணியின் ஆரன் பியர்சல், பத்திரிகையாளர்களிடம் வெளிப்படையாகவே சொல்லிவிட்டார்: அது ஏமாற்று வேலை, அவருக்குத் தெரிந்தேதான் செய்தார் என்று. இருவரும் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் ஒரே பயிற்சியாளர் எடி ரீஸிடம் நீந்தியவர்கள். நண்பனுக்காகப் பேசியதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

ஆனால் குளத்தின் ஓரத்தில் நின்ற நடுவர் ஒருவரும் கை தூக்கவில்லை. நடுவர் தகுதிநீக்கம் செய்யவில்லை என்றால், முடிந்தது. டிவி கேமராவைப் பார்த்து ஒரு ஸ்ட்ரோக் தவறுக்குத் தண்டனை கொடுக்க அன்றைய நடைமுறையில் இடமில்லை. தங்கம் கிட்டாஜிமாவுக்கே. மூன்று நாள் கழித்து 200 மீட்டரையும் அவரே வென்றார், ஹேன்சனுக்கு அதில் வெண்கலம்.

சரி, அவர் உதைத்தாரா? என் கண்ணுக்கு, ஆமாம். ஆனால் இதைச் சொல்லும்போது எனக்குள்ளேயே ஒரு தயக்கம் வருகிறது. அதற்குக் காரணம் தண்ணீருக்கு அடியில் உடம்பு வேலை செய்யும் விதம். மார்பு நீச்சலில் பாய்ந்ததும் நீருக்கு அடியில் ஒரே ஒரு முறை இரண்டு கைகளையும் தொடை வரைக்கும் இழுக்கலாம். அப்படி இழுக்கும்போது நெஞ்சு அமுங்கும், இடுப்பு எழும்பும், அந்த அலை தானாகவே காலுக்கு இறங்கும். முழங்கால் கொஞ்சம் மடங்கி நிமிரும். இது உடம்பின் அலையா, வேண்டுமென்று அடித்த உதையா? கோடு எங்கே? மேலே நின்று பார்க்கிற நடுவருக்குக் கீழே தெரிவது நுரையும் நெளிகிற ஒரு நிழலும்தான். சந்தேகம் வந்தால் சாதகம் நீந்துபவருக்கு என்பதுதான் நடுவர்களின் பழைய பாடம். அந்தப் பாடத்தின்படி அன்றைக்கு நின்றவர்கள் தவறு செய்யவில்லை.

கதை இதோடு முடிந்திருந்தால் நான் இதை எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன். நான்கு நாள் கழித்து, ஆகஸ்ட் 19 அன்று, அதே குளத்தில் பியர்சலே மாட்டிக்கொண்டார்.

200 மீட்டர் பேக்ஸ்ட்ரோக், அதாவது மல்லாந்த நீச்சல். பியர்சல் 1 நிமிடம் 54.95 விநாடியில் ஒலிம்பிக் சாதனையோடு முதலில் வந்தார். இரண்டாவது ஆஸ்திரியாவின் மார்கஸ் ரோகன், 1:57.35. கிட்டத்தட்ட இரண்டரை விநாடி இடைவெளி, நீச்சலில் அது ஒரு யுகம். ஆனால் அறிவிப்புப் பலகையில் பியர்சலின் பெயருக்கு எதிரே தகுதிநீக்கம் என்று வந்தது. ஒரு திருப்பத்தில் அவர் விதியை மீறினார் என்று பிரெஞ்சு நடுவர் ஒருவர் எழுதிக் கொடுத்திருந்தார்.

அந்த விதியைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். 1991 வரை பேக்ஸ்ட்ரோக்கில் சுவரைக் கையால் தொட்டுவிட்டுத்தான் திரும்ப வேண்டும். அதன் பிறகு கை தொட வேண்டாம், குட்டிக்கரணம் போட்டுக் கால் பட்டால் போதும் என்று மாற்றினார்கள். ஆனால் மல்லாந்து வருகிறவர் கரணம் அடிக்க ஒரு நொடி குப்புறத் திரும்பித்தான் ஆக வேண்டும். அதனால் ஒரு நிபந்தனை வைத்தார்கள்: குப்புறத் திரும்பியதும் தொடர்ச்சியான ஒரு கையிழுப்போடு கரணத்தைத் தொடங்கிவிட வேண்டும். நடுவில் சும்மா மிதந்து போவதோ, தனியாக உதைத்து முன்னேறுவதோ கூடாது. பாருங்க, இங்கேயும் அதே சிக்கல். "தொடர்ச்சி" எது, "மிதப்பு" எது? பாதி விநாடிக்குள் முடிந்துவிடும் ஒரு அசைவை மனிதக் கண் பார்த்து முடிவு சொல்ல வேண்டும்.

சுமார் அரை மணி நேரம் ரோகன் ஒலிம்பிக் சாம்பியன். பிறகு தகுதிநீக்கம் ரத்தானது. காரணம்தான் விசித்திரம். பியர்சல் சரியாகத்தான் திரும்பினார் என்று யாரும் தீர்ப்புச் சொல்லவில்லை. நடுவர் எழுதிய சீட்டில் விளக்கம் போதவில்லை, அதுவும் நீச்சல் சம்மேளனமான ஃபினாவின் அலுவல் மொழியில் இல்லை என்று சொல்லி அதைத் தள்ளினார்கள். ஆஸ்திரியாவும் பிரிட்டனும் எதிர்ப்புத் தெரிவித்தன, இரண்டும் நிராகரிக்கப்பட்டன. கிட்டாஜிமாவைப் பற்றிப் பேசியதற்கு யாரோ பழிவாங்கினார்களா என்று அன்றைக்கே பேச்சு எழுந்தது. அதற்கு ஆதாரம் எதுவும் வெளிவரவில்லை, நானும் நம்பவில்லை. ஒரு நடுவர் ஒன்றைப் பார்த்தார், அல்லது பார்த்ததாக நினைத்தார். அதைத் தாளில் ஒழுங்காக எழுதவில்லை.

எனக்கு இதில் உறைத்தது ஒன்றுதான். ஒரே வாரத்தில் இரண்டு சம்பவம். முதலாவதில் உலகமே டிவியில் பார்த்த ஒரு உதை, சீட்டு எழுதப்படாததால் நடக்காததாக ஆனது. இரண்டாவதில் ஒருவர் பார்த்ததாகச் சொன்ன மீறல், சீட்டு சரியாக எழுதப்படாததால் நடக்காததாக ஆனது. நீச்சலில் "விதிமீறல்" என்பது தண்ணீரில் நடப்பதைவிட, குளத்தின் ஓரத்தில் ஒரு துண்டுச் சீட்டில் நடப்பதுதான் போல.

இது புதிய வியாதியும் இல்லை. 1960 ரோம் ஒலிம்பிக்கில் விதிமீறல்கூட இல்லை, சுவரை யார் முதலில் தொட்டார்கள் என்பதே தகராறு. ஆனால் கண்ணுக்கும் கருவிக்கும் நடந்த சண்டைகளில் இதைவிடக் கொடுமையானது வேறு இல்லை.

ஆண்கள் 100 மீட்டர் ஃப்ரீஸ்டைல் இறுதி. ஆஸ்திரேலியாவின் ஜான் டெவிட், அமெரிக்காவின் லான்ஸ் லார்சன், இருவரும் ஏறக்குறைய ஒன்றாகத் தொட்டார்கள். அன்றைக்கு முடிவு சொல்ல முதலிடத்தைப் பார்க்க மூன்று நடுவர்கள், இரண்டாமிடத்தைப் பார்க்க வேறு மூன்று நடுவர்கள். முதலிட நடுவர்களில் இருவர் டெவிட் முதல் என்றார்கள், ஒருவர் லார்சன் என்றார். இரண்டாமிட நடுவர்களில் இருவர் டெவிட் இரண்டாவது என்றார்கள், ஒருவர் லார்சன் என்றார். கூட்டிப் பார்த்தால் மூன்றுக்கு மூன்று.

அப்போது ஒவ்வொருவருக்கும் மூன்று ஸ்டாப்வாட்ச். டெவிட்டுக்கு மூன்றிலும் 55.2. லார்சனுக்கு 55.0, 55.1, 55.1. மூன்று கடிகாரமும் லார்சன் பக்கம். அதிகாரபூர்வமல்லாத மின்னணுக் கருவி ஒன்றும் இருந்தது, அது லார்சன் 55.10, டெவிட் 55.16 என்றது. இத்தனைக்குப் பிறகும் தலைமை நடுவரான ஸ்வீடனின் ஹான்ஸ் ருன்ஸ்ட்ரோமர் டெவிட்தான் முதல் என்று முடிவு செய்தார். அதோடு விட்டார்களா? இரண்டாவது வந்தவரின் நேரம் முதலாவது வந்தவரைவிடக் குறைவாக இருந்தால் அசிங்கமாக இருக்குமே! லார்சனின் நேரத்தையும் 55.2 என்று மாற்றி எழுதினார்கள். இன்றைக்கும் ஒலிம்பிக் பதிவில் இருவருக்கும் 55.2தான். டெவிட்டுக்குத் தங்கம், லார்சனுக்கு வெள்ளி. அமெரிக்காவின் முறையீடு எடுபடவில்லை. மெட்லி ரிலேயில் அவருக்கு ஒரு தங்கம் கிடைத்தது உண்மை. அது வேறு கணக்கு.

சில வருடம் முன்னால் ஒரு பள்ளி நீச்சல் போட்டியில் ஆள் பற்றாமல் என் கையிலும் ஒரு ஸ்டாப்வாட்சைக் கொடுத்தார்கள். ஒரே லேனுக்கு நாங்கள் மூன்று பேர். ஒரே பையன், ஒரே சுவர். மூன்று கடிகாரத்துக்கும் நடுவே 0.4 விநாடி வித்தியாசம் வந்தது. மற்ற இருவரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் அந்தப் பையன் மூச்சு வாங்கினதைப் பார்த்துக்கொண்டே தாமதமாக அழுத்திவிட்டேன். அதனால் ருன்ஸ்ட்ரோமரை நான் ரொம்பத் திட்டப் போவதில்லை. ஆனால் அந்த 55.1-ஐ அழித்து 55.2 என்று எழுதிய கையை என்னால் மன்னிக்க முடியவில்லை. தீர்ப்புத் தவறுவது ஒன்று, தீர்ப்புக்கு ஏற்ப சாட்சியத்தைத் திருத்துவது வேறு.

ரோமின் அவமானம் கருவிகளை உள்ளே கொண்டுவந்தது. 1968 மெக்சிகோவில் சுவரில் டச்பேட் வந்துவிட்டது. அதுவும் ஒரு எல்லைக்கு மேல் கேலிக்கூத்தாகும் என்று 1972 மியூனிக் காட்டியது. 400 மீட்டர் மெட்லியில் ஸ்வீடனின் குன்னார் லார்சன் 4:31.981, அமெரிக்காவின் டிம் மக்கீ 4:31.983. வித்தியாசம் ஆயிரத்தில் இரண்டு பங்கு விநாடி. தூரத்தில் சொன்னால் மூன்று மில்லிமீட்டர். லேனுக்கு லேன் சுவரின் கட்டுமானத்திலேயே அதைவிட அதிக வித்தியாசம் இருக்கலாம். அதன் பிறகு நூறில் ஒரு பங்கோடு நிறுத்திக்கொண்டார்கள். அதற்கு மேல் சமம் என்றால் இருவருக்கும் தங்கம்.

ஆக, "யார் முதலில்?" என்ற கேள்வியைக் கருவி தீர்த்துவிட்டது. "எப்படி நீந்தினார்?" என்பதைத் தீர்க்க அப்படி ஒரு டச்பேட் கிடையாது. அதிலும் மார்பு நீச்சல்தான் எப்போதும் தலைவலி. காரணம், மற்ற நீச்சல்கள் வேகத்துக்காகப் பிறந்தவை. மார்பு நீச்சல் மட்டும், மெதுவாக இருந்தாலும் இந்த வடிவத்தில்தான் இருக்க வேண்டும் என்று விதியால் கட்டிவைக்கப்பட்டது. கட்டிவைத்தால் யாராவது அவிழ்க்கத்தானே பார்ப்பார்கள்.

1930களில் அவிழ்த்தார்கள். விதியில் இரண்டு கைகளும் சேர்ந்து முன்னே போக வேண்டும் என்று இருந்தது, தண்ணீருக்கு உள்ளேதான் போக வேண்டும் என்று இல்லை. அமெரிக்கர்கள் கைகளைத் தண்ணீருக்கு மேலே தூக்கி வீசினார்கள். அயோவா பல்கலைக்கழகத்தில் டேவிட் ஆம்ப்ரஸ்டர் என்ற பயிற்சியாளரும் ஜாக் சீக் என்ற வீரரும் அதோடு மீன் வால் உதையையும் சேர்த்தார்கள். கைவீச்சு சட்டத்துக்குள் இருந்தது, உதை இல்லை. 1952 ஹெல்சின்கி வரும்போது ஒலிம்பிக் மார்பு நீச்சல் இறுதியில் பழைய பாணியில் நீந்த ஆளே இல்லாத நிலை. கடைசியில் வேறு வழியில்லாமல் பட்டர்ஃப்ளை என்று தனியாகப் பிரித்துவிட்டார்கள். உதையும் அந்தப் பக்கம் போய்விட்டது.

பிரித்ததும் அமைதி வந்ததா? 1956 மெல்போர்னில் ஜப்பானின் மசாரு ஃபுருகாவா 200 மீட்டர் தூரத்தில் பெரும்பகுதியைத் தண்ணீருக்கு அடியிலேயே நீந்தித் தங்கம் வாங்கினார். மேற்பரப்பில் எழும் அலையின் தடை கீழே கிடையாது என்பதால் அது வேகம். விதி அதைத் தடுக்கவில்லை. பார்வையாளர்கள் டிக்கெட் வாங்கிக்கொண்டு வெறும் தண்ணீரைப் பார்த்தார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்! உடனே விதியை மாற்றினார்கள்: தொடக்கத்திலும் ஒவ்வொரு திருப்பத்திலும் நீருக்கு அடியில் ஒரே ஒரு இழுப்பு, அப்புறம் மேலே வந்துவிட வேண்டும். கிட்டாஜிமாவின் கால் அசைந்தது இந்த ஒரு இழுப்புக்குள்தான்.

ஏதென்ஸ் முடிந்த மறு வருடம், 2005-ல், ஃபினா ஒரு காரியம் செய்தது. அந்த நீரடி இழுப்பின்போது ஒரே ஒரு டால்ஃபின் உதை அனுமதி என்று விதியைத் திருத்தியது. முந்தின வருடம் ஏமாற்று என்று திட்டப்பட்டது இந்த வருடம் சட்டம். 2008 பெய்ஜிங்கில் கிட்டாஜிமா 58.91 விநாடியில் உலக சாதனையோடு மறுபடியும் தங்கம் வென்றார். ஹேன்சனுக்கு நான்காம் இடம். உதை எல்லோருக்கும் பொதுவானபோதும் கிட்டாஜிமாதான் வேகமானவர் என்று இதை வைத்து வாதாடலாம். நான் அப்படி வாதாட மாட்டேன். 2004-ல் யாருக்கு எது தடை என்பதை 2008-ன் நேரம் சொல்லாது.

ஃபினாவின் கணக்கு எனக்குப் புரிகிறது. பார்க்க முடியாததைத் தடை செய்து பயனில்லை, ஒன்றை அனுமதித்துவிட்டால் சண்டை தீரும் என்று நினைத்திருப்பார்கள். தீரவில்லை. "உதைத்தாரா?" என்ற கேள்வி "எத்தனை உதைத்தார்?" என்று மாறியது, அவ்வளவுதான்.

2012 லண்டன். அதே 100 மீட்டர். தென்னாப்பிரிக்காவின் கேமரூன் வான் டர் பர்க் 58.46 விநாடி, உலக சாதனை, தங்கம். நீரடி வீடியோவில் ஒன்றுக்கு மூன்றாக உதை. இந்த முறை "உடம்பின் அலை" என்றெல்லாம் யாரும் மழுப்பத் தேவை இருக்கவில்லை. போட்டி முடிந்து சில நாளில் ஆஸ்திரேலியப் பத்திரிகையிடம் அவரே ஒப்புக்கொண்டார்: ஆமாம், அனுமதித்ததைவிட அதிகம் உதைத்தேன், எல்லோரும் செய்கிறார்கள், செய்யாதவன் பின்தங்கிவிடுவான் என்கிற பொருளில். நீரடி கேமராவை அதிகாரபூர்வமாகக் கொண்டுவந்தால்தான் இது நிற்கும் என்றும் அவரே சொன்னார். பதக்கம் அவரிடமே இருந்தது. வெள்ளி வாங்கிய ஆஸ்திரேலியாவின் கிறிஸ்டியன் ஸ்ப்ரெங்கர் 58.93. அந்த உலக சாதனை 2015-ல் பிரிட்டனின் ஆடம் பீட்டி 57.92-ல் முடிக்கும் வரை புத்தகத்தில் நின்றது.

வான் டர் பர்க்கைத் திருடன் என்று எழுதினார்கள். எனக்கு அவர் மேல் ஒரு விதமான மரியாதை உண்டு. ஜெயித்தபின் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். பேசினார். ஆனால் அந்த வாக்குமூலத்தில் ஒரு ஓட்டையும் இருக்கிறது. எல்லோரும் செய்கிறார்கள் என்றால், அந்த எட்டு பேரில் செய்யாத ஒருவர் இருந்திருந்தால் அவர் கதி? அவருக்குப் பெயரும் இல்லை, வீடியோவும் இல்லை. ஒரு உதையோடு நிறுத்திக்கொண்டு ஐந்தாவதாகவோ எட்டாவதாகவோ வந்தவரைப் பற்றி யாரும் கட்டுரை எழுதுவதில்லை.

பேக்ஸ்ட்ரோக்கிலும் இதே வட்டம் மறுபடி சுற்றியது. 2022 புடாபெஸ்ட் உலகப் போட்டியில் 50 மீட்டரில் அமெரிக்காவின் ஜஸ்டின் ரெஸ் 24.12 விநாடியில் முதலில் தொட்டார். கடைசித் தொடுகையில் முழு உடம்பும் நீருக்குள் மூழ்கியிருந்தது என்று தகுதிநீக்கம். 24.14-ல் வந்த சக அணி வீரர் ஹன்டர் ஆம்ஸ்ட்ராங் கொஞ்ச நேரம் சாம்பியன். பிறகு முறையீடு, பதிவைப் பார்த்து ரெஸ்ஸுக்கே தங்கம் திரும்பியது. அதன்பின் விதியையே மாற்றிவிட்டார்கள்: சுவருக்கு முந்தின ஐந்து மீட்டரில் முழுதாக மூழ்கினாலும் பரவாயில்லை. ஏதென்ஸுக்குப் பின் செய்த அதே வைத்தியம்.

லண்டன் இறுதியின் முடிவுப் பட்டியலை இதை எழுதும்போது மறுபடியும் எடுத்துப் பார்த்தேன். முதல் இரண்டு பெயரோடு நிறுத்திவிடுவதுதான் வழக்கம், அன்றைக்குக் கொஞ்சம் கீழேயும் போனேன். மூன்றாவது, 59.49, பிரெண்டன் ஹேன்சன். பெய்ஜிங்குக்குப் பிறகு நீச்சலை விட்டுவிட்டு, திரும்பி வந்து, முப்பது வயதில் வாங்கிய வெண்கலம். ஐந்தாவது, 59.79, கொசுகே கிட்டாஜிமா. இரண்டு பேருக்கும் முன்னால், மூன்று உதையோடு ஒருவர்.